‘வெயில் அலர்ஜி’ என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்தில் வெயிலில் முகம் சிவந்தாலும் அலர்ஜி, மூட்டு வீங்கினாலும் அலர்ஜி என்கிறார்கள். இறாலையும் கத்தரிக்காயையும் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். அலர்ஜியில் உடம்பின் காவல் தூசிப்பூச்சி, கரப்பான், ரப்பர் பால் என்று வெளியே இருந்து வருவதை எதிர்க்கிறது. தன்னுடல் தாக்குநோயில் அதே காவல் சொந்தத் தோலையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. இரண்டுமே முதலில் தோலில் தெரியலாம். குழப்பம் அங்கேதான். கீழே ஒவ்வொரு தலைப்பும் நாம் செய்யும் ஒரு தப்பு.

கன்னச் சிவப்புக்கு ஜாமு (நாட்டு மூலிகை மருந்து) சாப்பிடுவது

செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கும் பெண்ணுக்கு இரண்டு கன்னமும் மூக்குத்தண்டும் சிவக்கின்றன. மூக்கோரத்து மடிப்பு மட்டும் சிவக்கவில்லை. காலையில் விரல் மடங்காது, மேலண்ணத்தில் வலியில்லாத புண், சீப்பில் கொத்தாக முடி. இது லூபஸ் என்ற தன்னுடல் தாக்குநோயாக இருக்கலாம். இளவயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

“அக்கா, பசார் மாலாம்ல (இரவுச் சந்தையில்) ஒரு ஜாமு விக்கிறாங்க, ரெண்டே நாள்ல போயிடும்” என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். போகவும் செய்யும். இப்படி விற்பவை சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் திருட்டுத்தனமாகக் கலக்கிறார்கள். ஸ்டீராய்டு அலர்ஜியையும் அடக்கும், லூபஸையும் ஓரளவு அடக்கும். அதனால் ‘அலர்ஜிதான்’ என்ற எண்ணம் உறுதியாகிவிடுகிறது. அளவு தெரியாத மருந்தில் முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது. உள்ளே சிறுநீரகம் கெட்டுக்கொண்டே போகலாம். நுரைத்த சிறுநீரும் கால் வீக்கமும் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வருகிறது. குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளிதான். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று ஒரு குச்சியை நனைத்தே பார்த்துவிடலாம். ரத்த அழுத்தம், முழு ரத்தப் பரிசோதனை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் கேளுங்கள். சொந்த உடம்பைத் தாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஏ.என்.ஏ. ரத்தச் சோதனை வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார். அது பாசிட்டிவ் என்பதாலேயே லூபஸ் ஆகிவிடாது.

இப்படிப்பட்ட ஜாமுவை ஏற்கெனவே வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டீர்களா? சட்டென்று நிறுத்தாதீர்கள். உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். வாந்தி, மயக்கம், அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். பாட்டிலோடு அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள்.

தடிப்பை வெறும் கண்ணால் கணக்குப் போடுவது

பால்பாயிண்ட் பேனாவால் தடிப்பைச் சுற்றி வட்டம் போட்டு நேரம் எழுதுங்கள். சாதாரணத் தடிப்பு 24 மணி நேரத்துக்குள் வட்டத்தைவிட்டு மறைந்து வேறிடத்தில் எழும்பும். அதே இடத்தில் நின்று, எரிந்து, கன்றிய தழும்பு விட்டால் ரத்தக்குழாய் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். லூபஸிலும் அது வரும். இடம் மாறி மாறி 6 வாரத்துக்கு மேலும் வந்தால் சாப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் காரணம் சாப்பாடு இல்லை. இவர்களில் சிலருக்குத் தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புப் பொருளும் இருக்கும். அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

தலையணையை வெயிலில் போட்டதோடு விடுவது

வெயிலில் தூசிப்பூச்சி செத்தாலும் அதன் எச்சம் பஞ்சிலேயே இருக்கும். மூக்கை அடைப்பது அந்த எச்சம்தான். உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பழைய இலவம்பஞ்சைத் தூக்கிப் போடுங்கள்.

ரப்பர் கையுறை அரிப்பை மறைப்பது

ரப்பர் கையுறை பட்டால் அரிக்கும் என்று பல் பிடுங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வாழைப்பழத்துக்கு வாய் அரித்தால் அதையும் சொல்லுங்கள், இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம்.

மூச்சு அடைக்கும்போது மாத்திரையை நம்புவது

மாத்திரைக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள்.