கொரியக் காரக் கோழி: டாக்பொக்கும்டாங் செய்முறை

எலும்போடு வெட்டிய கோழியை உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயத்தோடு செக்கச்செவேலென்ற காரச் சாற்றில் வேகவைத்துச் சுண்டவிடுவதே டாக்பொக்கும்டாங் என்னும் கொரிய வீட்டுச் சமையல். பார்வைக்கு நம் கோழிக் குழம்பைப் போல இருந்தாலும் இதில் தாளிப்பும் கிடையாது, மசாலா வதக்குவதும் கிடையாது. எல்லாச் சுவையும் சாறு சுண்டுவதில்தான் ஏறுகிறது.

நான்கு பேருக்கு ஒரு கிலோ கோழி போதும். கடைக்காரரிடம் தோலை உரிக்காமல், வழக்கமான குழம்புத் துண்டைவிடப் பெரிதாக வெட்டித் தரச் சொல்லுங்கள். சிறு துண்டுகள் சாறு சுண்டுவதற்குள் எலும்பை விட்டுக் கழன்றுவிடும். கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டெடுத்து, எலும்போரம் திரண்டிருக்கும் கருஞ்சிவப்பு இரத்தக் கசடைக் குளிர்ந்த நீரில் விரலால் தேய்த்துக் கழுவினால் கவிச்சி பெருமளவு போய்விடும்.

இந்த உணவின் உயிர்நாடி அதன் காரக் கலவைதான். கோச்சுகாரு என்னும் கொரிய மிளகாய்ச் செதில் மூன்று மேசைக்கரண்டி, கோச்சுஜாங் என்னும் புளிக்கவைத்த மிளகாய் விழுது இரண்டு, சோயா சாஸ் நான்கு, சர்க்கரை ஒன்றரை, நசுக்கிய பூண்டு இரண்டு மேசைக்கரண்டி, துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, சிறிது மிளகுத்தூள் ஆகியவற்றைக் குழைத்து வையுங்கள். நிறமும் காரமும் செதிலிலிருந்து வர வேண்டும். ஒட்டரிசியும் சோயாவும் சேர்ந்த விழுதைக் கூட்டினால் சாறு களிபோலக் கெட்டிப்பட்டு அடிப்பிடிக்கும். செதில் கிடைக்காதபோது காஷ்மீரி மிளகாய்த்தூளைச் சற்றுக் குறைத்துச் சேர்க்கலாம், ஆனால் மல்லி கலந்த குழம்புத்தூள் இதற்கு ஒத்துவராது.

அடிகனமான சட்டியில் கோழி, கலவை, மூன்று கோப்பைத் தண்ணீர் சேர்த்துக் கொதி வந்ததும் மூடி, மிதமான தீயில் பதினைந்து நிமிடம் வேகவிடுங்கள். பிறகு பெரிய துண்டுகளாக நறுக்கிய மூன்று உருளைக்கிழங்கையும் ஒரு கேரட்டையும் போடுங்கள். கிழங்கின் கூரிய விளிம்புகளைச் சீவிவிட்டால் அவை கரைந்து சாற்றைக் கலக்காது. பத்து நிமிடம் கழித்து, தடிமனாக அரிந்த பெரிய வெங்காயத்தைச் சேர்த்து மூடியை எடுத்துவிட்டு, சாறு பாதியாகக் குறைந்து கரண்டியில் ஒட்டும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் சுண்டவிடுங்கள். அடிக்கடி கிளறாமல் சாற்றை மொண்டு மேலே ஊற்றுவதே நல்லது. உப்பைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும், ஏனெனில் சோயாவும் விழுதும் ஏற்கெனவே உப்பானவை. வெங்காயத்தாளும் கீறிய பச்சை மிளகாயும் தூவி இறக்குங்கள். கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுக்கப்படுவதால் அரைத் தேக்கரண்டியே மணத்துக்குப் போதும்; நம் நல்லெண்ணெய் அந்த மணத்தைத் தராது, ஆகவே கொரிய எள்ளெண்ணெய் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

வெறும் சோற்றோடும், கிம்ச்சி என்னும் புளிக்கவைத்த கொரியக் காய்கறி ஊறுகாயோடும் பரிமாறுங்கள். சட்டியில் எஞ்சும் சாற்றில் சோற்றைப் போட்டு, நொறுக்கிய கடற்பாசித் தாளைத் தூவி, அடி லேசாக முறுகும்வரை கரண்டியால் அழுத்தி வறுத்துச் சாப்பிடுவது கொரியர்களின் வழக்கம். அதற்கென்று ஒரு கோப்பைச் சாற்றையாவது முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.