அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைச் சக வழிகாட்டிகளாகப் பயிற்றுவிப்பது எப்படி? – தொடக்கநிலைப் பயிற்றுநர்களுக்கான செய்முறை விளக்கம்

ஒரு தடையைத் தானே கடந்து வந்தவர், அதே தடையின் முன் இப்போது நிற்கும் இன்னொருவருக்குத் துணை நிற்பதையே சக வழிகாட்டல் என்கிறோம். 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 26-வது பிரிவு, இத்தகைய சக ஆதரவை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. ஆனாலும் டவுன் சின்ட்ரோம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு ஆகியவை உள்ளவர்களை உதவி பெறுபவர்களாகவே பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, உதவி செய்பவர்களாக அவர்களைப் பயிற்றுவிக்க எங்கிருந்து தொடங்குவது என்பது எளிதில் பிடிபடுவதில்லை.

படி 1: ஆளைத் தேர்ந்தெடுத்தல்

சரளமாகப் பேசுபவரைத் தேடாதீர்கள். பிறர் பேசும்போது காத்திருக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். படப் பலகையைச் சுட்டிக்காட்டி உரையாடும் ஒருவரும் நல்ல வழிகாட்டியாக முடியும். வேலை என்ன, வாரத்துக்கு எத்தனை நாள், ஊதியம் எவ்வளவு என்பதைப் படங்களோடு கூடிய எளிய நடையில் ஒரே பக்கத்தில் எழுதி, பெற்றோரிடம் பேசுவதற்கு முன் அவரிடமே கொடுத்துக் கேளுங்கள். பாதியில் விலகிக்கொள்ளலாம் என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

படி 2: வகுப்பை அமைத்தல்

நான்கு முதல் ஆறு பேர், முக்கால் மணி நேரம், ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு திறன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சொல்லுங்கள், பிறகு செய்து காட்டுங்கள், அதன்பின் அவர்களைச் செய்யச் சொல்லுங்கள். செய்து முடித்த உடனேயே எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம் என்று கூறுங்கள். "புரிந்ததா?" என்ற கேள்வியை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். எதிரில் இருப்பவரை மகிழ்விக்க "ஆமாம்" என்று சொல்லிப் பழகியவர்கள் பலர் என்பதால், அந்த விடையை வைத்து எதையும் அறிய முடியாது. "எங்கே, செய்து காட்டுங்கள்" என்று கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள். அந்தப் பத்து நொடி உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும்.

படி 3: சொல்வதற்கு முன் கேட்கப் பழக்குதல்

பயிற்சியின் பெரும்பகுதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. வாழ்நாள் முழுவதும் பிறர் சொன்னதைச் செய்தே வளர்ந்த ஒருவர், உதவி என்றாலே கட்டளையிடுவது என்று எண்ணிக்கொள்வது இயல்பு. தன்னை நடத்தியவர்களைப் போலவே தானும் பிறரை நடத்தத் தொடங்குவார்.

ஒரு நடிப்புப் பயிற்சியில், "தனியாகப் பேருந்தில் போகப் பயமாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னதும், வழிகாட்டியாக இருந்த இளைஞர் ஆள்காட்டி விரலை உயர்த்தி, "பயப்படக் கூடாது, தைரியமாக இருக்க வேண்டும்" என்றார். அவர் ஆசிரியரின் குரலே அதில் ஒலித்தது. நான் திருத்தவில்லை. "உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் கழித்து, "அப்புறம் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார். இரண்டாம் முறை நடித்தபோது அவர் விரலை உயர்த்தவில்லை, "எப்போது பயம் வரும்?" என்று கேட்டார். "எங்கே இறங்குவது என்று தெரியாது" என்ற விடை வந்தது. பயம் பேருந்தைப் பற்றியதே அல்ல என்பது அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிட்டது. "எப்போது?", "எங்கே?", "நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?" ஆகிய மூன்று கேள்விகளையும் அட்டையில் படத்தோடு எழுதிக் கையில் கொடுத்துவிட்டால், சந்திப்பின்போது அதைப் பார்த்தே பேசலாம்.

படி 4: ரகசியமும் பாதுகாப்பும்

ரகசியம் காத்தல் என்பதைச் சொற்களால் விளக்குவது கடினம். இரண்டு பெட்டிகளை வையுங்கள்: ஒன்று "எனக்குள் வைத்துக்கொள்வேன்", மற்றொன்று "உடனே சொல்வேன்". "அவருக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது", "அவரை ஒருவர் அடிக்கிறார்", "அவர் பணத்தை ஒருவர் பிடுங்கிக்கொள்கிறார்", "தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளப் போவதாகச் சொல்கிறார்" என்பன போன்ற நிகழ்வுகளை அட்டைகளில் எழுதி, உரிய பெட்டியில் போடச் செய்யுங்கள். யாரிடம் சொல்ல வேண்டும் என்பதற்கு அவருடைய புகைப்படமும் தொலைபேசி எண்ணும் பெட்டியின் மேலேயே இருக்கட்டும். எவற்றை ரகசியமாக வைக்க முடியாது என்பதை, துணை தேடி வருபவருக்கு முதல் சந்திப்பின் தொடக்கத்திலேயே வழிகாட்டி சொல்லிவிட வேண்டும்.

படி 5: உண்மையான சந்திப்புகள்

வகுப்பறையில் கற்றது வேறோர் இடத்தில் தானாக வந்துவிடாது. ஆகவே, சந்திப்பு நடக்கப்போகும் அதே அறையில், அதே நாற்காலிகளில் ஒத்திகை பாருங்கள். முதல் சில சந்திப்புகளில் நீங்கள் உடன் இருக்கலாம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தால் துணை தேடி வந்தவர் உங்களைப் பார்த்தே பேசுவார் என்பதால், வழிகாட்டியின் பின்புறம், சற்றுத் தள்ளி அமருங்கள். அவர் திரும்பிப் பார்த்து உதவி கேட்டால் மட்டும் பேசுங்கள். பிறகு கதவுக்கு வெளியே, அதன்பின் தொலைபேசியில் அழைத்தால் கிடைக்கும் தொலைவு என்று படிப்படியாக விலகுங்கள்.

ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் பத்து நிமிடம் வழிகாட்டியுடன் மட்டும் பேசுங்கள். பிறர் துயரத்தைக் கேட்டுவிட்டு அதை வீட்டுக்குச் சுமந்து செல்பவர்கள் உண்டு. அன்று கேட்டதில் எது அவர் மனத்தில் தங்கியிருக்கிறது என்பதையே முதலில் கேளுங்கள். ஒப்புக்கொண்ட ஊதியத்தை அவர் கையிலோ, அவர் பெயரில் உள்ள கணக்கிலோ, சொன்ன நாளிலேயே கொடுங்கள்.