பழைய ஹொண்டா சிஜி125ஐ வீட்டிலேயே சரிசெய்வது: முதல் ஞாயிற்றுக்கிழமை வேலைகள்

2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் அப்பாவின் சிஜி125 வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழே ஒரு மூலையில் நின்றுவிட்டது. கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் அடிக்கும் பங்கீட்டு முறை வந்த புதிதில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். வீட்டில் இருந்த ஸ்கூட்டரோடு சமாளித்துக்கொண்டோம். பல மாதம் கழித்து உதைத்துப் பார்த்தபோது எஞ்சின் இருமக்கூட இல்லை. ஒரு கராஜில் காட்டினேன். எஞ்சினை இறக்க வேண்டும், காபரேட்டரும் (பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பகுதி) புதிதாகப் போட வேண்டும் என்றார்கள்.

உண்மையில் ஒன்றுமே உடைந்திருக்கவில்லை. காபரேட்டருக்குள் பழைய பெற்றோல் காய்ந்து பசையாகியிருந்தது. எர்த் வயர் (பற்றரியை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைக்கும் வயர்) பூட்டிய இடத்தைக் கடற்காற்று தின்றிருந்தது. அதனால் முதல் தடவை கைவைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் சாமான் வாங்குவதற்கு முன் இருப்பதைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள். கொழும்பில் நிற்கும் பழைய வண்டிகளுக்கு வரும் நோயில் பெரும்பங்கு உப்பும் அழுக்கும்தான்.

சிஜி125 இந்த வேலைக்கு நல்ல வண்டி. 1976இல் வந்த மாடல். அடிக்கடி சேர்விஸ் கிடைக்காத நாடுகளை மனதில் வைத்தே ஹொண்டா இதன் எஞ்சினை எளிமையாகச் செய்தது. வேறு பழைய 100, 125 சிசி வண்டி வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும்.

தொடங்கும் முன்

காற்றோட்டமான இடத்தில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு தவழும். பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ இருக்கவே கூடாது. கீழே பழைய பேப்பர் விரியுங்கள். கழற்றும் ஸ்க்ரூக்களைப் போட மூன்று சிரட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று. எதைக் கழற்றும் முன்னும் போனில் ஒரு படம்.

ஆயுதங்களில் ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். ஜப்பான் வண்டியின் கூட்டல் குறி ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் செய்யப்பட்டவை. சாதாரண ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுதாக இறங்காது. வழுக்கி, தலையைச் சிதைத்துவிடும். ஜேஐஎஸ் டிரைவர் ஒன்று வாங்குங்கள். அழுத்துவது முக்கால் பங்கு, திருப்புவது கால் பங்கு.

1. பற்றரியும் எர்த்தும்

முதலில் உங்கள் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றும் பற்றரியில் மூடிகளை எண்ணினால் போதும்: ஓர் அறைக்கு 2 வோல்ட், மூன்று மூடி என்றால் 6, ஆறு என்றால் 12. நன்றாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பற்றரி, எஞ்சின் ஓடாத நேரத்தில் மல்டிமீற்றரில் (வோல்ட் அளக்கும் கருவி) 12.6 அளவில் காட்டும்.

அடுத்து பற்றரியின் நெகடிவ் வயர் சேசிஸில், அதாவது வண்டியின் சட்டத்தில் பூட்டியிருக்கும் இடம். கழற்றுங்கள். வயர் முனையையும் அது உட்காரும் இரும்பையும் உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, இறுகப் பூட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின் பூசுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளை என்று கடலோரம் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது இதைச் செய்ய வேண்டும். முனகிக்கொண்டிருந்த எங்கள் ஹோன் இந்தப் பத்து நிமிட வேலைக்குப் பிறகு சத்தமாக அடித்தது.

2. பிளக்

பெற்றோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருவது பிளக். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் கழற்றுங்கள். நுனி பால் கோப்பி நிறத்தில் இருந்தால் நல்லது. கரிபிடித்துக் கறுப்பாக இருந்தால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் குறைவு. ஈரமாக எண்ணெய் பிசுக்கு இருந்தால் எஞ்சின் ஒயில் உள்ளே வருகிறது, அதை கராஜில் காட்டத்தான் வேண்டும். சிஜி125க்கு என்ஜிகே டி8ஈஏ, இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர்.

திரும்பப் போடும்போது கையால் மட்டும் சுற்றுங்கள். பல சுற்று இலகுவாகப் போக வேண்டும். கை நின்ற பிறகுதான் ஸ்பனர். பழைய பிளக் என்றால் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். நான் முதல் தடவை சரிவாக வைத்து ஸ்பனரால் திருகி ஹெட்டின் புரியைக் கெடுத்தேன். ஹெட் அலுமினியம், இரும்பு பிளக்குக்கு எதிரே நிற்காது. லேத்தில் கொடுத்துப் புதுப் புரி போட வேண்டியதாயிற்று.

3. காபரேட்டர்

பாதி நாள் இதற்கே ஒதுக்குங்கள்.

பெற்றோல் டெப்பை மூடி குழாயைக் கழற்றுங்கள். காபரேட்டரின் அடிக் கிண்ணத்தில் ஒரு வடி ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்தி உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். எங்கள் வண்டியில் வந்தது தேயிலைச் சாய நிறத்தில் இருந்தது, வார்னிஷ் நாற்றம் அடித்தது. அடியில் துருத் துகளும் படிந்திருந்தால் டாங்கியையும் கழுவ வேண்டும்.

மேல் மூடியைச் சுற்றித் திறந்தால் அக்சலேற்றர் கேபிளோடு சேர்ந்து ஸ்லைடும் (மேலும் கீழும் ஏறி இறங்கும் அடைப்பான்) அதன் ஊசியும் வெளியே வரும். அதைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் கட்டிவிட்டு, எஞ்சின் பக்க இரண்டு நட்டையும் காற்று வடிகட்டிப் பக்க கிளிப்பையும் கழற்றுங்கள். காபரேட்டர் கைக்கு வந்துவிடும்.

கிண்ணத்தைக் கழற்றினால் மிதவை தெரியும். மிதவையைப் பிடித்திருக்கும் குறுக்கு ஊசியை மெல்லத் தள்ளி எடுங்கள். நடுவில் இரண்டு பித்தளை ஜெட்கள், பெற்றோல் போகும் நுண்துளை உள்ள திருகுகள். பெரியது மெயின் ஜெட், சிறியது பைலட் ஜெட். ஸ்டார்ட் எடுக்காத, அக்சலேற்றரை விட்டால் ஐடிலில் ஓடாமல் நின்றுவிடும் வண்டியில் அனேகமாகக் குற்றவாளி அந்தச் சிறியதுதான். கழற்றி வெளிச்சத்துக்கு நேரே ஒற்றைக் கண்ணால் பாருங்கள். முடியளவு துளை வழியாக வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்தது முழு இருட்டு.

ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள். துளை ஒரு துளி பெரிதானாலும் ஜெட் வீண். காபரேட்டர் கிளீனரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய மின்வயரைச் சீவி ஒற்றைச் செப்பு இழையை மெல்ல விட்டு எடுங்கள். செம்பு பித்தளையை விட மிருதுவானது, கீறாது. கிளீனர் அடிக்கும்போது கண்ணாடி போடுங்கள். ஒரு துளையில் அடித்தது இன்னொரு துளையால் முகத்துக்கு வரும்.

பக்கவாட்டில் ஸ்பிரிங்கோடு ஒரு கலவை ஸ்க்ரூ இருக்கும். கழற்றும் முன் அதை மெதுவாக உள்ளே திருகி, முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவையுங்கள். திரும்பப் போடும்போது அதே எண்ணிக்கை. வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் இந்த ஸ்க்ரூவின் இடம் நேரடியாகத் தெரியும்.

பூட்டும்போது ஸ்லைடின் பள்ளம் உள்ளே இருக்கும் முளையில் சரியாக உட்கார வேண்டும். ஸ்டார்ட் பண்ணும் முன் அக்சலேற்றரை முறுக்கி விட்டுப் பாருங்கள். "டக்" என்று தானாகத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் உதைக்கவே வேண்டாம். ஹெண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியும் ஒரு தடவை சோதியுங்கள்.

4. செயினும் பின் பிரேக்கும்

செயினை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவித் துடைத்து 90 கியர் ஒயில் போடுங்கள். சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே 20 மில்லிமீற்றர் அளவு மேலும் கீழும் ஆடும்படி பின் சக்கரத்தை நகர்த்தி வையுங்கள். சக்கர அச்சின் இரு பக்க அடையாளக் கோடும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். செயின் கிளிப்பைக் கழற்றியிருந்தால், அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாறிப் போட்டால் ஓடும்போது கழன்றுவிடலாம்.

சக்கரம் நகர்ந்தால் பிரேக்கும் மாறும், ஆகவே பிரேக் மிதியையும் சரிபாருங்கள். டிரம்மைத் திறந்தால் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூவில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

5. ஒரேயொரு அப்கிரேட்: லைற்

எல்லோரும் முதலில் கேட்பது எல்இடி ஹெட்லைற். எஞ்சினை நிறுத்திச் சாவி மட்டும் போட்டுப் பாருங்கள். ஹெட்லைற் எரிந்தால் அது பற்றரியின் நேர் மின்சாரம் (டிசி), எல்இடி போடலாம். எஞ்சின் ஓடும்போது மட்டும் எரிந்து, வேகத்தோடு வெளிச்சம் கூடிக் குறைந்தால் அது எஞ்சினின் ஜெனரேற்றரிலிருந்து நேரே வரும் மாறு மின்சாரம் (ஏசி). டிசிக்கு மட்டும் செய்த எல்இடி அதில் மினுக்கும், சீக்கிரம் போய்விடும். ஏசி, டிசி இரண்டும் ஏற்கும் பல்ப் கேட்டு வாங்குங்கள். வாட் கூடிய சாதாரண பல்ப் வேண்டாம். பழைய ஜெனரேற்றரால் அதற்குத் தீனி போட முடியாது, ஹோல்டரும் உருகும்.

சிக்னல் லைற்றுக்கு எல்இடி போட்டால் பழைய ரிலே (சிக்னலை மினுக்க வைக்கும் சிறு பெட்டி) அதிவேகமாக அடிக்கும் அல்லது அடிக்கவே அடிக்காது, ஏனென்றால் எல்இடி இழுக்கும் மின்சாரம் அதற்குப் போதாது. எல்இடிக்கான எலக்ட்ரோனிக் ரிலே ஒன்றைச் சேர்த்தே வாங்குங்கள். பழைய ரிலேயைக் கையில் கொண்டு போங்கள். இரண்டு கால், மூன்று கால் என்று இரு வகை உண்டு, கடையில் முதல் கேள்வியே அதுதான்.