இருமல் மருந்து குடிக்கதுக்கு முன்னாடி பாட்டில திருப்பிப் பாருலே

பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்துல காலைல ஓட வார பயலுவ, கோயில் கொடைக்கு கொடை கபடி ஆடி இப்போ ஸ்டேட் செலக்சனுக்கு நிக்க தம்பியளுக்குத்தான் இத எழுதுதேன்.

எங்க டீம் பையன் ஒருத்தன் லொக்கு லொக்குன்னு இருமிட்டு ப்ராக்டிஸுக்கு வந்தான், கைல மெடிக்கல்ல வாங்குன சிரப். வாங்கி திருப்பிப் பாத்தா பொடி எழுத்துல டெர்ப்யூட்டலின் சல்பேட்னு கெடக்கு. சாதாரண இருமல் மருந்துதான், டாக்டர்மாரு எழுதிக் குடுக்கதுதான், ஆனா வாடா லிஸ்ட்ல அது போட்டி இல்லாத நாள்லயும் தடை. (வாடான்னா யாரையும் கூப்டல, 1999-ல ஆரம்பிச்ச உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு. நம்ம நாட்டுக்கு நாடா, பாவாடை நாடா இல்ல.) "மெடிக்கல் அண்ணாச்சி குடுத்தாவ, எனக்கு தெரியாது"ன்னா அங்க செல்லாது, ஒன் ஒண்ணுக்குல என்ன வந்தாலும் நீதான் பொறுப்பு. தெரிஞ்சே எடுத்தான்னு ஆச்சுன்னா வழக்கமா 4 வருசம் தடை, 20 வயசுப் பயலுக்கு 4 வருசம்னா என்ன மிச்சம் இருக்கும் நீயே சொல்லு.

அதனால முதல் வேல, பிராண்ட் பேர விட்டுட்டு உள்ள இருக்க சால்ட் பேர, அதாவது மூல மருந்தோட பேர எழுதிக்கிடு. நாடாவோட 'நோ யுவர் மெடிசின்' ஆப் இருக்கு, அதுல ஒவ்வொரு சால்ட்டா அடிச்சுப் பாரு. போன வருசம் பாத்தேன் ஓகேன்னு இருந்துராத, லிஸ்ட் வருசா வருசம் ஜனவரி 1-ல மாறும். வலிக்கு போடுத ட்ரமடால் அப்படித்தான், 2024-லருந்து போட்டி சமயத்துல தடை.

பாராசிட்டமால், செட்டிரிசின் தனியா இருந்தா பயமில்ல. ஆனா சளி மாத்திரைல சூடோஎஃபெட்ரின் சேந்துருந்தா போட்டி நெருங்கும்போது தொடாத, ஒண்ணுக்குல மில்லிக்கு 150 மைக்ரோகிராம தாண்டுனா மாட்டுன. வீசிங் இருக்கவன் சால்பியூட்டமால் இன்ஹேலர் இழுக்கலாம், 24 மணி நேரத்துல 1600 மைக்ரோகிராம், அதுலயும் 8 மணி நேரத்துல 600-க்கு மேல போகக்கூடாது, அதே சால்பியூட்டமால மாத்திரையா சிரப்பா எடுத்தா தப்பு. முட்டுல ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் போட்டி சமயத்துல பிரச்சினதான். நெசமாவே மருந்து வேணும்னா டாக்டர்ட்ட ரிப்போர்ட்டோட எழுதி வாங்கி, போட்டிக்கு 30 நாளைக்கு முன்னாடியே நாடாட்ட விதிவிலக்கு கேக்கணும், முந்தின நாள் ராத்திரி போன் அடிச்சா ஒண்ணும் நடக்காது.

அடுத்து இந்த எடை குறைக்க கூத்து. கபடிக்கு எடை பாக்கதுக்கு முந்தின நாள் ஆச்சியோட கால் வீக்கத்துக்கு வச்சிருக்க நீர் மாத்திரைய எடுத்துப் போடுதானுவ, கோட்டிப்பயலுவ. அது ஃபியூரோசமைடு, வேற மருந்த மறைக்க ஒதவும்னு எப்பவுமே தடை. தடைய விடு, சித்திரை வெயில்ல ஏற்கனவே வேர்த்து ஊத்துத ஒடம்புல பொட்டாசியமும் சேந்து எறங்குனா மொதல்ல கெண்டக்கால் இழுக்கும், அப்புறம் நெஞ்சுத் துடிப்பு தாறுமாறா போவும், ரெய்டு போனவன தூக்கிட்டு ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடணும்.

ஜிம்முல டப்பாவுல வார பவுடர், "கிக் ஏறும்"னு விக்கிறது, லேபிள் இல்லாத லேகியம் எதையும் நான் எங்க பயலுவள தொட விடமாட்டேன், லேபிள்ல இல்லாததும் உள்ள இருக்கும். கொஞ்சம் முத்துனவன் மெஃபென்டெர்மின் ஊசிக்கு போவான். அது ஆப்பரேசன் மேசைல மயக்க மருந்தால பிரஷர் எறங்குனவனுக்கு ஏத்தப் போடுத மருந்துலே, நல்லா இருக்கவன் போட்டா பிரஷர் எங்க போய் நிக்கும்? ஸ்டனோசலால், நாண்ட்ரலோன் மாதிரி ஸ்டீராய்டு புஜத்த ஏத்தும், வாஸ்தவந்தான், பென் ஜான்சன் 1988 சியோல்ல 100 மீட்டர 9.79-ல ஓடுனது ஸ்டனோசலால் எடுத்துட்டுத்தான், மூணு நாள்ல மெடல புடுங்கிட்டாவ. ஆனா ஒடம்பு வெளிலருந்து வார ஹார்மோன பாத்து தன் சொந்த சோலிய நிப்பாட்டிரும், விதை சுருங்கும், விந்து குறையும், ஆம்பளப் பயலுக்கு மாரு வைக்கும், கல்லீரல் கெடும், இதயச் செவுரு தடிக்கும். பொம்பளப் பிள்ளையளுக்கு தொண்ட கட்டையாவும், நிப்பாட்டுனாலும் அது திரும்பாது. நாண்ட்ரலோன் ஊசியோட மிச்சம் மாசக்கணக்குல டெஸ்ட்ல தெரியும், "போட்டிக்கு முன்னாடி நிப்பாட்டிருவோம்"ங்கவன் பேச்ச நம்பாத.

டெஸ்டுக்கு கூப்டா ஓடாத, மாட்டேன்னு சொன்னாலே அது தனி குத்தம். ஆள் கூடவே வருவாவ, பாத்துக்கிட்டேதான் ஒண்ணுக்கு எடுக்கச் சொல்லுவாவ, கூச்சப்பட்டு ஒண்ணும் ஆவப்போறதில்ல. 90 மில்லி வேணும். அதுக்காக குடம் குடமா தண்ணி குடிச்சிராத, நீர்த்துப் போச்சுன்னா மறுபடி குடுக்கச் சொல்லி ராத்திரி வர ஒக்கார வைப்பாவ. சீல் போட்ட டப்பா நீயே எடு, ஒண்ணுக்க பிரிச்சு ஊத்துத ஏ பாட்டில், பி பாட்டில் ரெண்டுலயும் நம்பர் ஒண்ணா இருக்கான்னு பாரு, மூடிய நீயே திருகி மூடு. கடைசி 7 நாள்ல தின்ன மாத்திரை மருந்து எல்லாத்தயும் ஃபாரத்துல எழுது, ஆச்சி குடுத்த கசாயம் வரைக்கும். வாசிச்சுட்டு கையெழுத்து போடு, ஒனக்குன்னு ஒரு காப்பி குடுப்பாவ, அத கிட்பேக்ல கசக்காம வீட்டு பீரோல வை.