போனில் சொன்ன சர்வர் பாடம்: எந்த வெர்ஷன் ஓடுகிறது, எதற்கு மாறலாம்?

காசிமேட்டில் என் சித்தி மகன் ஓர் ஐஸ் கம்பெனியின் பில் போடும் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறான். எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். சர்வருக்குள் நுழைவதற்கான கீ ஃபைல் மட்டும் இவன் கையில். "ண்ணா, சர்வர்ல உபுண்டு பழசாயிடுச்சாம், மாத்தணுமாம். இன்னா வெர்ஷன்னு எப்டி பாக்குறது?" என்று போன் செய்தான். வெப்சைட் ஓடும் கம்ப்யூட்டர்தான் சர்வர்; விண்டோஸ் மாதிரி அதை இயக்கும் லினக்ஸ் வகைகளில் ஒன்று உபுண்டு. நான் பெரம்பூரில் இருந்ததால் எல்லாக் கட்டளையையும் வாயால் சொல்லித்தான் முடித்தோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

படி 1: உள்ளே நுழையுங்கள்

எஸ்எஸ்ஹெச்சில் (தூரத்தில் இருக்கும் சர்வருக்குள் நுழையும் வழி) நுழையும் யூசர் பெயரே பாதித் துப்பு. அமேசான் கிளவுடில் (வாடகை சர்வர்) உபுண்டு இமேஜ் (தயாராக நிறுவி வைத்த பிரதி) என்றால் பெயர் உபுண்டு. இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனுக்கு அட்மின், அமேசான் லினக்ஸுக்கு இசி2-யூசர்.

படி 2: பெயரையும் எண்ணையும் படியுங்கள்

கேட் (பூனைக்கு எழுதும் அதே மூன்று எழுத்து), ஓர் இடைவெளி, பிறகு ஸ்லாஷ் இ-டி-சி ஸ்லாஷ் ஓ-எஸ் ஹைஃபன் ரிலீஸ். இதை அடித்தால் பத்துப் பன்னிரண்டு வரி வரும். பிரெட்டி நேம் என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். தம்பிக்கு உபுண்டு 20.04.6 எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு வெர்ஷன்) என்று வந்தது. டெபியன், ஆல்மா, ராக்கி போன்ற மற்ற லினக்ஸ் வகைகளிலும் இதே ஃபைல்தான். விண்டோஸ் சர்வர் என்றால் ரன் பெட்டியில் வின்வெர் என்று அடித்தால் போதும்.

அவன் முந்திக்கொண்டு யுநேம் (யு-என்-ஏ-எம்-இ), ஓர் இடைவெளி, ஹைஃபன் ஆர் அடித்துவிட்டு, "5.15னு வருது, அப்போ புதுசுதானே?" என்றான். பலரும் விழும் குழி இது. அது கெர்னலின், அதாவது சிஸ்டத்தின் உள்மையத்தின் எண்; உபுண்டுவின் எண் இல்லை. 5.15 கெர்னல் 22.04இலும் வரும், 20.04 ஓடும் கிளவுட் சர்வர்களிலும் வரும். டாக்கர் கன்டெய்னருக்குள் (ஒரே மெஷினில் புரோகிராமைத் தனியாக ஓட்டும் பெட்டி) நின்று பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும்: ஃபைல் சொல்வது கன்டெய்னரின் வெர்ஷன், யுநேம் சொல்வது வெளியே இருக்கும் மெஷினின் கெர்னல்.

யுநேம், ஓர் இடைவெளி, ஹைஃபன் எம் மட்டும் அடித்துப் பாருங்கள். எக்ஸ்86 என்று தொடங்கினால் இன்டெல், ஏஎம்டி வகை பிராசசர்; ஏ-ஆர்ச்64 என்றால் ஆர்ம். புது சர்வர் எடுக்கும்போது இது தேவைப்படும்.

படி 3: ஆயுளைக் கணக்குப் போடுங்கள்

உபுண்டு எண்ணில் புள்ளிக்கு முன்னால் ஆண்டு, பின்னால் மாதம். இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வருவதுதான் எல்டிஎஸ், அதற்கு 5 ஆண்டு பாதுகாப்பு அப்டேட். மற்றவற்றுக்கு 9 மாதம்தான். சர்வருக்கு அவை வேண்டவே வேண்டாம். 20.04இன் வழக்கமான ஆயுள் 2025 மே மாதத்தோடு முடிந்தது. 22.04க்கு 2027 வரை, 24.04க்கு 2029 வரை. உபுண்டு ப்ரோ போட்டால் மொத்தம் 10 ஆண்டு வரும், தனி ஆளுக்கு 5 மெஷின் வரை இலவசம். மூச்சு வாங்கிக்கொள்ள நல்ல வழிதான், ஆனால் உள்ளே ஓடும் பிஹெச்பி (வெப்சைட் எழுதும் மொழி) பழசாகவே இருக்கும்.

சென்ட்ஓஎஸ் 7 (இன்னொரு லினக்ஸ் வகை) என்று வந்தால் யோசிக்காதீர்கள். 2024 ஜூன் 30 அன்றே அதற்கு மூடுவிழா. ஆல்மா அல்லது ராக்கிக்குப் போய்விடுங்கள்.

படி 4: உங்கள் புரோகிராமைக் கேளுங்கள்

ஆயுளை மட்டும் பார்த்து எடுத்தால் இங்கேதான் அடிபடுவோம். ஒவ்வொரு வெர்ஷனும் தன் பிஹெச்பியோடு வருகிறது: 20.04இல் 7.4, 22.04இல் 8.1, 24.04இல் 8.3. தம்பியின் சைட் 7.4இல் எழுதியது. 22.04 பக்கத்துத் தெரு மாதிரி தெரியும், ஆனால் 7.4இலிருந்து 8க்குத் தாண்டும்போதுதான் பழைய கோடு உடையும், அந்த வலி 22.04, 24.04 இரண்டிலும் உண்டு. எப்படியும் ஒரு தடவை அடி வாங்கத்தான் போகிறோம், 2029 வரை நிம்மதி தரும் 24.04ஏ இருக்கட்டும் என்றேன்.

படி 5: பக்கத்தில் புதிதாக ஒன்று எழுப்புங்கள்

ஓடும் சர்வரிலேயே அப்கிரேட் செய்யாதீர்கள். உபுண்டுவில் ஒரு எல்டிஎஸ்ஸிலிருந்து அடுத்ததற்குத்தான் போக முடியும், நடுவில் ஒன்றைத் தாண்ட முடியாது. இரண்டு தாவல், இரண்டு கண்டம். ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் நகல்) எடுத்துவிட்டு, 24.04 இமேஜில் சின்ன சர்வர் ஒன்று தொடங்குங்கள். தேடும்போது மார்க்கெட்பிளேஸில் யாரோ பேர்போட்டு மணிக்கணக்கில் காசு பிடுங்கும் இமேஜும் வரும். வெளியிட்டவர் உபுண்டுவின் கம்பெனியான கனோனிக்கல்தானா என்று பாருங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஐஸ் பில் குறைவு. அந்த 61 நாளுக்குள்தான் நாங்கள் மாற்றினோம். எதிர்பார்த்தபடியே உடைந்தது: பிஹெச்பி 8இல் நீக்கப்பட்ட ஈச் ஃபங்ஷனை நம்பி இரண்டு பக்கங்கள் எழுதியிருந்தார்கள். ஃபோர்ஈச் ஆக்கியதும் பில் வந்தது. பிறகு ஐபியைப் புது சர்வருக்குத் திருப்பினோம். பழையதை ஒரு வாரம் நிறுத்தி மட்டும் வைத்தோம். நிறுத்தினாலும் டிஸ்க் வாடகை ஓடும் என்பதால், வாரம் முடிந்ததும் ஸ்னாப்ஷாட்டை வைத்துக்கொண்டு அழித்துவிட்டோம்.