எண்ணை மறைத்துப் பேச நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பைக்கை விற்க விளம்பரம் கொடுத்தவர், மாணவர்களின் பெற்றோரிடம் வீட்டிலிருந்து பேச வேண்டிய ஆசிரியை, பிரிந்து வந்த பிறகும் கணவர் வீட்டாரிடம் பேசியே ஆக வேண்டிய பெண். தங்கள் எண் எதிராளியிடம் போய்விடக்கூடாது என்று இவர்கள் நினைப்பதில் எந்தத் தவறும் இல்லை. எண் எப்படி மறைகிறது என்று தெரியாமல் இறங்கும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மறைத்து அழைத்தாலும் உங்கள் எண் நெட்வொர்க்கில் போகத்தான் செய்கிறது. கூடவே ‘இதைக் காட்டாதே’ என்று ஒரு குறிப்பும் போகிறது. எதிர்முனை நிறுவனம் அந்தக் குறிப்பைப் பார்த்து, எண்ணுக்குப் பதிலாக ‘பிரைவேட் நம்பர்’ என்று திரையில் காட்டுகிறது. அவ்வளவுதான். அழைப்புப் பதிவில் எண் அப்படியே இருக்கும். போலீஸ் கேட்டால் கிடைத்துவிடும். அமெரிக்காவில் 800 என்று தொடங்கும் கட்டணமில்லா எண்ணை அழைத்தால், மறைத்த எண்ணும் அந்த நிறுவனத்துக்குத் தெரியும். ‘யாருக்கும் தெரியாது’ என்ற தைரியத்தில் யாரையாவது மிரட்டினால், இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351(4) பிரிவு அடையாளத்தை மறைத்ததற்கே கூடுதலாக இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது.

அடுத்த தவறு, யூடியூபில் பார்த்த குறியீட்டை அப்படியே போடுவது. எண்ணுக்கு முன்னால் *67 சேர்ப்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலை செய்யும். பிரிட்டனில் 141. ஐரோப்பிய மொபைல்கள் பலவற்றில் #31#. இந்தியாவில் இந்த வசதி சாதாரண வாடிக்கையாளருக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. போன் செட்டிங்ஸில் ‘காலர் ஐடியைக் காட்டு’ என்ற பட்டன் இருந்தாலும், நிறுவனம் அனுமதிக்காவிட்டால் அதனால் பயனில்லை. எந்த நாட்டில் இருந்தாலும் முதலில் வீட்டில் இருக்கும் இன்னொரு போனுக்கு அடித்துப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அடிக்கடி கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. எண்ணை மறைத்துப் பேசி முடித்துவிட்டு, அப்புறம் “லொக்கேஷன் அனுப்புறேன்” என்று வாட்ஸ்அப்பைத் திறப்பார்கள். மறைப்பது அந்த அழைப்புக்கு மட்டும்தான். எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் எதற்கும் அது செல்லாது.

‘எந்த எண்ணிலிருந்தும் அழைக்கலாம்’ என்று சொல்லும் ஆப்களைத் தொடவே வேண்டாம். காண்டாக்ட், மெசேஜ் என்று எல்லா அனுமதியையும் கேட்கும் ஆப்பிடம் ஒரு எண்ணை மறைக்கப்போய் நூறு எண்களைக் கொடுத்துவிடுவீர்கள். அழைப்பவரின் எண்ணை மாற்றிக் காட்டுவதும், ஏமாற்றி சிம் வாங்குவதும் 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு என் சிபாரிசு, உங்கள் பெயரிலேயே வாங்கிய இரண்டாவது சிம். இதிலும் கவனம் வேண்டும். அந்த எண்ணை யுபிஐ-யில் இணைத்துவிட்டால், யார் வேண்டுமானாலும் பணம் அனுப்புவதுபோல எண்ணைத் தட்டி, வங்கிக் கணக்கில் உள்ள உங்கள் பெயரைப் பார்த்துவிடலாம். பைக் வாங்க வந்தவருக்கு முழுப்பெயர் கிடைக்க அரை நிமிடம் போதும். அட்வான்ஸ் வாங்க வேறு வழி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அந்த எண்ணுக்குக் குடும்பப் படத்தையும் வைக்காதீர்கள். ட்ரூகாலரில் என்ன பெயர் வருகிறது என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாடகை கார் ஆப்களில் பெரும்பாலும் ஒரு இடைநிலை எண் வழியாகத்தான் ஓட்டுநரிடம் பேசுகிறோம். அவர் “இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க” என்று தன் சொந்த எண்ணைச் சொல்லி, நீங்களும் நேரடியாக அடித்தால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. ஆப் வழியாகவே பேசுங்கள்.

வீட்டில் வன்முறையைச் சந்திக்கும் பெண்களுக்குத் தனியாக ஒன்று. எதிர்முனையில் எண் மறைந்தாலும், உங்கள் போனின் கால் ஹிஸ்டரியில் அழைத்த எண் அப்படியே இருக்கும். போஸ்ட்பெய்டு இணைப்பு கணவர் பெயரில் இருந்தால் விவரமான பில்லிலும் வரலாம். போன் அவர் கைக்குப் போகும் என்றால், பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைத்த பிறகு அந்தப் பதிவை உடனே அழித்துவிடுங்கள். முடிந்தால் நம்பிக்கையான தோழியின் போனிலிருந்து பேசுங்கள்.