பூச்செடிகளைக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் காப்பாற்றுவது எப்படி?

ஒரு பருவச் செடி என்று சொல்லி விற்கப்படும் ஜெரேனியம், கோலியஸ், பிகோனியா, நியூ கினி இம்பேஷன்ஸ் எல்லாம் உண்மையில் பல்லாண்டு வாழக்கூடியவை. குளிர் தாங்காமல்தான் சாகின்றன. உள்ளே கொண்டுவந்தால் பிழைத்துக்கொள்ளும். செண்டுமல்லி, ஜினியா மாதிரியானவற்றுக்கு விதை முற்றியதும் ஆயுள் முடிந்துவிடும்; விதையை மட்டும் எடுத்து வையுங்கள்.

1. நேரம்: இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் முன்பே எடுத்துவிடுங்கள். அதற்கு முன் ஒரு வாரம் நிழலில் வைத்துப் பழக்கினால் இலை உதிர்வது குறையும்.

2. பூச்சி: இதில் மட்டும் அவசரமே கூடாது. வெளியில் மழையும் பூச்சி தின்னும் வண்டுகளும், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியை அடக்கி வைத்திருக்கும். வீட்டுக்குள் அந்தத் தடை இல்லை. இலையின் அடிப்பக்கத்தையும் காம்பு தண்டோடு சேரும் இடுக்கையும் பாருங்கள். பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் மாவுப்பூச்சி. செஞ்சிலந்தி கண்ணுக்கு எளிதில் படாது. வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டு இலையைத் தட்டுங்கள், விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். இலைகளின் இரு பக்கத்தையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் மென்மையான திரவ சோப்பு கலந்து தெளியுங்கள். வீட்டிலுள்ள மற்ற செடிகளோடு இரண்டு வாரம் சேர்க்காதீர்கள்.

3. முழுச்செடியா, தண்டா? முழுச்செடி என்றால் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். என்னைக் கேட்டால் தண்டு வெட்டி வைப்பதே மேல்: இடமும் மிச்சம், செடியும் இளசாக இருக்கும். பூவில்லாத நுனியில் 10 சென்டிமீட்டர் அளவுக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். கோலியஸ் தண்ணீரிலேயே வேர் விடும். ஜெரேனியம் அழுகிவிடும் சுபாவம் கொண்டது; வெட்டுவாய் காயும்வரை சில மணி நேரம் வைத்து, மணல் கலந்த ஈர மண்ணில் நடுங்கள்.

4. வெளிச்சம், தண்ணீர்: வீட்டிலேயே அதிக வெயில் விழும் ஜன்னலைக் கொடுங்கள். அது போதாவிட்டால் எல்இடி வளர்விளக்கைத் தினமும் 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம். மேல்மண் விரல் நுனியளவுக்குக் காய்ந்த பிறகே தண்ணீர். குளிர்காலத்தில் செடிகள் போவது பெரும்பாலும் அதிகத் தண்ணீரால்தான். உரம் வேண்டாம்.

முதல் சில வாரங்களில் இலைகள் மஞ்சளாகி உதிரும். பயப்படாதீர்கள், தண்டு உறுதியாக இருந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது.

பகல் நீளத் தொடங்கியதும் நுனியைக் கிள்ளி, கொஞ்சமாக உரம் கொடுங்கள். உறைபனிக் காலம் முழுதாக முடிந்த பிறகு, முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில் என்று ஆரம்பித்து, பத்து நாளில் மெல்ல மெல்ல வெயிலுக்கு மாற்றுங்கள்.